முகம் பார்த்து விற்ற பங்கு

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஜோகுபாளையத்து வீட்டில் வாசலில் கோலம் போட்டாயிற்று, சாமி படத்துக்குப் பூ வைத்தாயிற்று, இட்லியும் வெந்தாயிற்று. ராஜலக்ஷ்மி மட்டும் இன்னும் வியாழக்கிழமையிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் செய்த காரியம் இந்தக் கதையோடு வாரா வாரம் கூட வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்கும் அது தெரிந்தாக வேண்டும். மகள் ஸ்ரீரஞ்சனி வேலை பார்க்கும் சக்ரவேகா கம்பெனியின் பங்குகளை, கணவர் ஸ்ரீகண்டனின் கணக்கிலிருந்து, அவருக்கும் சொல்லாமல் மகளுக்கும் சொல்லாமல் மொத்தமாக விற்றுத் தள்ளிவிட்டாள். அடுப்பில் குக்கர் விசில் அடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

அவளை லேசாக எடைபோட்டுவிட வேண்டாம். கரண்ட் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஸ்ரீகண்டன், "இதெல்லாம் நீயே பாத்துக்கோ ராஜி, எனக்கு இந்த போன் ஆப்பெல்லாம் ஆகாது" என்று ஒதுங்கிக்கொண்டார். அன்றிலிருந்து இரண்டு பேருடைய ஷேர் கணக்கும் அவள் போனில்தான். கம்பெனி முதலாளிகள் டிவியில் பேட்டி கொடுத்தால், ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அணைத்துவிட்டு முகத்தை மட்டும் பார்ப்பாள். "பேச்சு வேற எவனோ எழுதிக் குடுத்தது. மூஞ்சி அவனோடது" என்பாள். சில தடவை அவள் சொன்னது பலித்தும் இருக்கிறது. அந்தத் திமிர்தான் இப்போது வினையாக வந்தது.

சக்ரவேகா ஆட்டோக்களுக்கு பேட்டரி வாடகைக்கு விடும் கம்பெனி. தீர்ந்துபோன பேட்டரியைக் கொடுத்துவிட்டு, சார்ஜ் ஏறியதை மாட்டிக்கொண்டு போகலாம். ஆனால் பேட்டரி அல்ல எங்கள் சொத்து என்பாள் ரஞ்சனி. எந்த பேட்டரி எந்த ரோட்டில், எந்த வெயிலில், எவ்வளவு சீக்கிரம் சோர்ந்து போகிறது என்று வருஷக்கணக்கில் சேர்ந்து கிடக்கும் டேட்டாதான் சொத்து. இன்சூரன்ஸ்காரர்களுக்கு அது வேண்டும், ஆட்டோவுக்குக் கடன் கொடுக்கும் பேங்குக்கும் வேண்டும். ஆனால் அப்படி ஒன்று இருப்பதே வெளியில் யாருக்கும் சரியாகத் தெரியாது.

"அதனாலதான்மா எங்க ஷேருக்குன்னு ஒரு சொந்த மூஞ்சியே இல்ல," என்று ஒருநாள் சொன்னாள். "ஊரே ஏறினா ஏறுது, ஊரே விழுந்தா விழுது. உள்ள என்ன இருக்குன்னு தெரியாதவன் வேற எதப் பாத்து விலை போடுவான்? வாட்ஸ்அப்ல வர்ற வதந்தியப் பாத்துதான் போடுவான்."

அதை மாற்றுவதுதான் இந்த வருஷம் அவளுக்கு வேலை. என்னென்ன டேட்டா இருக்கிறது, அதில் எவ்வளவு நம்பலாம், எவ்வளவு ஓட்டை, அதை வைத்து என்ன சம்பாதிக்கிறோம் என்று கம்பெனி முதன்முறையாகக் காலாண்டு முடிவோடு சேர்த்து ஊரறியச் சொல்லப் போகிறது. அந்த அறிக்கையை எழுதிய குழுவுக்கு ரஞ்சனிதான் தலைவி. அந்த வெள்ளிக்கிழமைதான் நாள்.

ஆனால் கொஞ்ச நாளாகவே அவள் முகம் சரியில்லை. சாதத்தைக் கிண்டிக்கொண்டே இருந்துவிட்டுத் தட்டோடு எழுந்து போனாள். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. போன் வந்தால் மாடிக்கு ஓடினாள். ராஜலக்ஷ்மி முடிவு கட்டிவிட்டாள். உள்ளே கம்பெனி ஆட்டம் காண்கிறது, வெள்ளிக்கிழமை உண்மை வெளியே வந்ததும் விலை விழப்போகிறது.

அவளுடைய சொந்தக் கணக்கில் அந்தப் பங்குக்குப் பூட்டு, இப்போது விற்க முடியாது. ரஞ்சனியின் அம்மா என்று கம்பெனியில் அவள் பெயர் பதிவாகியிருந்தது. ஸ்ரீகண்டன் கணக்கில் பூட்டு இல்லை. பென்ஷன் வாங்குகிறவர், ஷேர் பக்கமே திரும்பாதவர் என்று அவரைப் பதிவு செய்யவில்லை. திறந்திருக்கிற கதவு வழியாகப் போனால் என்ன தப்பு என்று போய்விட்டாள்.

அன்று காலை ரஞ்சனி இட்லியைப் பிட்டாள், சட்னியில் தோய்த்தாள், வாயில் மட்டும் வைக்கவில்லை.

"எங்க ஆபீஸ் வெங்கிய வேலையிலருந்து எடுத்துட்டாங்கம்மா," என்றாள் திடீரென்று.

"யாரு, நம்ம வீட்டுக்கு வந்து பாயசத்தக் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடிச்சானே, அந்தப் புள்ளயா? ஐயோ, என்னாச்சு?"

"போன தடவ விண்டோ மூடியிருக்கறப்ப ஷேர் வித்திருக்கான். மச்சான் கணக்குல."

விண்டோ சமாசாரம் அந்த வீட்டில் எல்லோருக்கும் பாடம். காலாண்டு முடிவு வெளியே வரும் வரைக்கும், கம்பெனிக்குள் விஷயம் தெரிந்தவர்களும் அவர்கள் வீட்டாரும் அந்தப் பங்கை வாங்கவோ விற்கவோ கூடாது.

"மச்சான் கணக்குதானடி? இவனுக்கென்ன வந்தது?" ராஜலக்ஷ்மி குரல் இயல்பாக இருக்கிறதா என்று அவளே கேட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"கணக்கு யார் பேர்ல இருந்தா என்னம்மா? பட்டன அமுக்கின கை யாரோடதுன்னுதான் பாப்பாங்க. யார்கிட்ட எத்தன ஷேர் இருக்குன்னு வாரா வாரம் கம்பெனிக்கு லிஸ்ட் வருது, மாட்டிக்கிட்டான். வித்தத விட ஒளிச்சு வெச்சதுதான் பெரிய தப்பாப் போச்சு. அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா வேலையாவது மிஞ்சியிருக்கும்."

ராஜலக்ஷ்மியின் கையில் சாம்பார்க் கரண்டி இருந்தது, சாம்பார் எங்கே ஊற்ற வேண்டும் என்பது மறந்துபோயிற்று.

வெளியே கம்பெனி கேப் ஹாரன் அடித்தது. ரஞ்சனி பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினாள்.

"சாயங்காலம் எல்லாம் முடிஞ்சதும் உன்கிட்ட ஒண்ணு பேசணும்மா. போன் பண்ணாத. முடிவு வெளிய வர்ற வரைக்கும் எங்க போனெல்லாம் வாங்கி வெச்சுப்பாங்க."

அதைச் சொல்லும்போதும் அதே முகம். ராஜலக்ஷ்மி அதைப் பார்க்கத் தைரியமில்லாமல் கோலத்தைப் பார்த்தாள்.

உள்ளே வந்தால் ஸ்ரீகண்டன் போனைக் கைநீளத்துக்குப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "ராஜி, நேத்து நான் எதையாவது வித்தேனா? ஏதோ மெசேஜ் வந்திருக்கு."

"வித்தீங்க."

"ஓஹோ. நல்ல விலைக்கா?"

அந்த அப்பாவித்தனம் அவளை உடைத்துவிட்டது. சோபாவில் உட்கார்ந்து அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். கேட்டு முடித்ததும் அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"முடிவு எப்ப வருது?"

"மத்தியானம்."

"அப்ப இப்பவே கிளம்பு. நானும் வரட்டா?"

"வேண்டாங்க. நான் அமுக்கின பட்டன், நானே போய் சொல்றேன். புள்ள எத்தன வருஷம் கஷ்டப்பட்டு வாங்கின பேரு, என் கையால போயிடக் கூடாது."

அவர் வாசலுக்குப் போய் அவளுடைய செருப்பைத் திருப்பி, தெருவைப் பார்த்த மாதிரி வைத்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் செய்து அவள் பார்த்ததில்லை.

அல்சூர் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் இறங்கி, அந்த ஜனக்கடலில் யார் யாரையோ இடித்து வேறு வண்டி பிடித்து, ஆர்.வி. ரோட்டில் மறுபடி மாறி, எலெக்ட்ரானிக் சிட்டி போய்ச் சேர்வதற்குள் அவளுக்கு ஒரு ஜன்மம் கழிந்த மாதிரி இருந்தது. வழியெல்லாம் ஒரே யோசனைதான். மெட்ரோ இல்லாத காலத்திலும் தினம் தினம் இவ்வளவு தூரம் போய் வந்தவள், வீட்டுக்கு வந்ததும் "காபி போட்டியாம்மா?" என்று சிரித்துக்கொண்டுதானே கேட்டாள்? அந்தச் சிரிப்பு எப்போது நின்றது?

கேட்டில் செக்யூரிட்டி கன்னடத்தில் கேட்டான், யாரைப் பார்க்க வேண்டும் என்று. "தப்பு செஞ்சா யார்கிட்டப் போய் சொல்லணுமோ, அவங்களப் பாக்கணும்பா" என்றாள் அவளும் கன்னடத்தில். அவன் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, போன் மேல் போன் போட்டு, கடைசியில் ஒரு கண்ணாடி அறையில் கொண்டுபோய் விட்டான்.

"பன்னி அம்மா, கூத்கொள்ளி," என்று கன்னடத்தில் வரவேற்று, உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டாள் உள்ளே இருந்த பெண். பெயர் மமதா. ஷேர் விதியை யார் மீறினாலும் விசாரிக்கிற அதிகாரி. வெங்கியை விசாரித்ததும் அவள்தான் என்பது ராஜலக்ஷ்மிக்குப் பேச்சுவாக்கில் தெரிந்தது.

விஷயத்தைக் கேட்டதும் மமதா ரஞ்சனிக்கு ஆள் அனுப்பினாள். கதவைத் திறந்த ரஞ்சனிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அம்மா! அப்பாவுக்கு என்னாச்சு?"

"அப்பாவுக்கு ஒண்ணும் இல்லடி. நான்தான்… உங்கப்பா கணக்குலருந்து நேத்து உன் கம்பெனி ஷேர வித்துட்டேன்."

ரஞ்சனி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் கூடத் தேவலை.

மமதா கன்னடத்தில் கேட்டாள், ராஜலக்ஷ்மி பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் பதில் சொன்னாள்.

"உங்க மக உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல மேடம்."

"கம்பெனி நல்லாயில்லன்னு ஒரு வார்த்தை? ஒரு ஜாடை?"

"ஆபீஸ் விஷயத்தச் செருப்போட வாசல்லயே கழட்டிட்டு வர்றவ அவ. ஒரு வார்த்த சொல்லல."

"பின்ன எதை வெச்சு வித்தீங்க?"

"அவ மூஞ்சியப் பாத்து வித்தேன்."

எழுதிக்கொண்டிருந்த மமதா நிமிர்ந்தாள். "இத நான் எப்படிம்மா எழுதறது?"

"அப்படியே எழுதுங்க. நான் பெத்த மூஞ்சி, எனக்குத் தெரியாதா? சோறு இறங்கல அவளுக்கு. குழாயத் தெறந்துவிட்டு உள்ள அழுதா, தண்ணி சத்தத்துல எனக்குக் கேக்காதுன்னு நெனச்சா. ஒருநாள் சமையக்கட்டு வாசல்ல நின்னு என்னையே பாத்துக்கிட்டிருந்தா. என்னடின்னேன், சும்மாத்தாம்மான்னா. சும்மா யாராவது அப்படிப் பாப்பாங்களா? கம்பெனி போகுது, வேலை போகுது, வீட்ல சொல்ல முடியாம தவிக்கறான்னு நெனச்சேன். அவ வேலையும் போயி இந்தப் பணமும் போனா புள்ள கையில என்ன இருக்கும்? அவளுக்குன்னு வெச்சிருந்ததுதான் மேடம் அது."

ரஞ்சனி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். விரலிடுக்கில் கண்ணீர் வழிந்தது.

மமதா குரலைத் தாழ்த்தி, "ரஞ்சனி, ஒண்ணே ஒண்ணுதான். அம்மா பாத்தது கம்பெனி விஷயமா? ஆமான்னா, உங்களை அறியாமலே உள் விஷயம் வீடு வரைக்கும் போயிருக்குன்னுதான் நான் எழுதணும். இல்லன்னா அது என்னன்னு நீங்க சொல்லியாகணும்" என்றாள்.

"வீட்ல போய் அம்மாகிட்ட மொதல்ல சொல்லிட்டு, அப்புறம் உங்ககிட்ட…"

"திங்கட்கிழமை விசாரணைக் கமிட்டி கேக்கும். இன்னிக்கு நீங்க சொல்றதுதான் நிக்கும்."

ரஞ்சனி பையைத் திறந்தாள். ஒரு சாவி வளையத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். புத்தம் புதுச் சாவிகள், மூன்று.

"கம்பெனி நல்லா இருக்கு மேடம். நான் இங்க பக்கத்துல தனியா ஒரு வீடு எடுத்திருக்கேன். அடுத்த மாசம் போறேன். அத எங்கம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் சோறு இறங்கல."

ராஜலக்ஷ்மி அந்தச் சாவிகளையே பார்த்தாள். கம்பெனி மூழ்கியிருந்தாலே பரவாயில்லை என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதே என்று அடுத்த கணம் வெட்கமாக இருந்தது.

"அதான் மெட்ரோ வந்துடுச்சேடி…" என்றாள்.

"தூரத்துக்காக இல்லம்மா."

"பின்ன? நான் ஏதாவது சொன்னேனா? கல்யாணப் பேச்சக் கூட நிறுத்திட்டேனேடி."

"நீ ஒண்ணும் பண்ணலம்மா. எனக்குன்னு ஒரு கதவு வேணும். நானே தெறக்கணும், நானே சாத்திக்கணும். உன்மேல கோவம் இருந்திருந்தா ஈஸியா சொல்லிட்டுப் போயிருப்பேன். கோவமே இல்லாம எப்படிம்மா போறது? அதான் தெரியல."

வளையத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றினாள். அது சுலபமாக வரவில்லை. அம்மாவின் பக்கம் நகர்த்தினாள்.

"இது உனக்கு. வீடு பாத்த அன்னிக்கே உனக்குன்னு சேத்துப் பண்ணினேன். பையிலேயே வெச்சிட்டுச் சுத்தறேன்."

ராஜலக்ஷ்மி சாவியை எடுக்கவில்லை, தள்ளவும் இல்லை. அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மமதா தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் வைத்தாள்.

"தானா வந்து சொன்னீங்க, முடிவு வெளிய வர்றதுக்கு முன்னாடியே சொன்னீங்க. ரெண்டையும் எழுதியிருக்கேன்," என்றாள். "மத்தது கமிட்டி கையில. அதுவரைக்கும் ரஞ்சனி இந்த வேலையில இருக்க முடியாது. இன்னிக்கு அறிவிப்பு நேரத்துலயும் கூட இருக்க முடியாது. சாரி ரஞ்சனி, இந்த அறிக்கை உங்க குழந்தை மாதிரின்னு எனக்குத் தெரியும்."

ரஞ்சனி தலையாட்டினாள். மாதக்கணக்கில் எழுதிய பக்கங்களையும் வாங்கி வைத்த போனையும் அங்கேயே விட்டுவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

திரும்பும் மெட்ரோவில் கூட்டமில்லை. ஜன்னலுக்கு வெளியே மேம்பாலமும் லாரிகளும் பின்னால் போயின. சில்க் போர்டு ஸ்டேஷன் தாண்டும்போது ராஜலக்ஷ்மியின் போன் துடித்தது. சக்ரவேகாவின் முடிவு வந்துவிட்டது.

"நீ படிடி. எனக்குக் கண்ணு மறைக்குது."

ரஞ்சனி தன் வரிகளைத் தானே படித்தாள், யாரோ எழுதியதைப் படிப்பவள் போல. டேட்டா எவ்வளவு இருக்கிறது, யார் யார் அதற்குக் காசு கொடுக்கிறார்கள் என்று இருந்தது. ஒரு ஊரில் சேர்த்த கோடைக்கால டேட்டா முழுவதும் பழுது, அதை நம்ப வேண்டாம் என்பதும் இருந்தது.

"ஐயையோ, ஓட்டையையுமா சொல்லிட்டீங்க? விலை விழுந்துடாதா?"

"சொல்லித்தான் ஆகணும்னு சண்ட போட்டேன்மா."

ராஜலக்ஷ்மி கண்ணைத் துடைத்துக்கொண்டு விலைப் பக்கத்தைத் திறந்தாள். அன்றைக்குச் சந்தை முழுக்கச் சிவப்பு. ஆட்டோ கம்பெனி, பேட்டரி கம்பெனி, எல்லாம் சறுக்கிக்கொண்டிருந்தன. சக்ரவேகா மட்டும் பச்சை. துள்ளவில்லை, ஆடவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக ஏறி ஓர் இடத்தில் நின்றது. நேற்று அவள் விற்ற விலைக்கு மேலே.

"பாருடி," என்றாள். "ஊரே விழுது, உன்னுது மட்டும் தனியா நிக்குது. மூஞ்சி வந்துடுச்சு அதுக்கு."

ரஞ்சனி அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். "நீ மட்டும் ஏமாந்துட்டியேம்மா."

"ஆமா. எவனெவனோ மூஞ்சியெல்லாம் சரியாப் படிச்சேன். என் வீட்டு மூஞ்சியத் தப்பாப் படிச்சுட்டேன்." பணம் போனது அவளுக்கு உறைக்கவே இல்லை. இவ்வளவு நாள் குழாய்ச் சத்தத்துக்குள் தன் பெண் தனியாக அழுதாளே என்பதுதான் நெஞ்சைப் பிசைந்தது.

ரஞ்சனி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கேலியாகக் கேட்க நினைத்தாள், கேலி பாதியிலேயே நின்றுபோனது. "இப்ப என் மூஞ்சியில என்ன தெரியுதும்மா?"

ராஜலக்ஷ்மி திரும்பவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டாள். கைப்பைக்குள் அந்தச் சாவியைத் தடவிப் பார்த்தாள்.

"நான் பாக்க மாட்டேன். இனிமே உன் மூஞ்சியப் பாத்து நான் எதையும் முடிவு பண்றதா இல்ல. நீயே வாயத் தெறந்து சொல்லு. ஒரு சாவி உன்னோடது, ஒரு சாவி என்கிட்ட இருக்கு." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்த மூணாவது சாவி யாருக்குடி?"

வண்டி ஒரு ஸ்டேஷனில் நின்றது. கதவு திறந்தது, யாரும் ஏறவில்லை, மூடிக்கொண்டது. மடியில் கிடந்த அம்மாவின் கையை ரஞ்சனி எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். ரஞ்சனியின் கைகள் சில்லென்று இருந்தன.

"சொல்றேன்மா," என்றாள். "ஆனா நான் சொல்லி முடிக்கற வரைக்கும் கண்ணத் தெறக்காத."